ரொபோ கையுறை வீட்டுக்கு வந்துவிட்டதா? பாரிசவாதம் வந்த கைக்கு அதைப் பாவிக்கும் முறை, படிப்படியாக

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஒரு பெட்டி வருகிறது. உள்ளே ஒரு கறுப்புக் கையுறை, ஐந்து விரலின் முதுகிலும் நெளிவு நெளிவான குழாய், உள்ளங்கை அளவில் ஒரு பம்ப், சார்ஜர் வயர், ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சடித்த சின்னக் கையேடு. அனுப்பியவர் தொலைபேசியில் "கையில போட்டு சுவிட்சைப் போடுங்கோ, மிச்சத்தை அது செய்யும்" என்கிறார். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இப்படிப் பெட்டி வந்த வீடுகள் சிலவற்றை எனக்குத் தெரியும். முரசுமோட்டையில் எங்கள் வீடும் அப்படித்தான். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து மூன்றாம் மாதம் மாமா கையுறை அனுப்பினார். பதினான்கு மாதம் அதோடு பழகிவிட்டோம்.

நான் கற்றதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையுறை போட்டிருக்கிற இருபது நிமிடமும் ஆயத்தம். அதைக் கழற்றியதும் வருகிற அரை மணித்தியாலத்தில்தான் கை பழகுகிறது. பல வீடுகளில் அந்த அரை மணித்தியாலம் நடப்பதே இல்லை. கையுறையைக் கழற்றி, பெட்டியில் வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு ஆளைப் படுக்க விடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த அரை மணித்தியாலத்தையும், அதற்குக் கையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதையும் பற்றியது.

இந்தக் கையுறை எப்படி வேலை செய்கிறது

வீட்டுக்கு வருகிற மலிவுக் கையுறைகளில் பெரும்பாலானவை காற்றில் ஓடுபவை. விரல் முதுகில் இருக்கிற நெளிகுழாயை ஆர்மோனியத்தின் துருத்தி என்று நினையுங்கள். பம்ப் காற்றைத் தள்ளினால் துருத்தி நீண்டு விரலை மடக்கும். காற்றை உறிஞ்சினால் துருத்தி சுருங்கி விரலைப் பின்னுக்கு இழுத்து விரிக்கும்.

இங்கே ஒரு விசயம் கட்டாயம் விளங்க வேண்டும். காற்றைத் தள்ளுகிற அழுத்தத்தை நன்றாகக் கூட்டலாம். உறிஞ்சுகிற பக்கத்தில், எவ்வளவு உறிஞ்சினாலும் வெளியே இருக்கிற ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இழுவை வராது. அதனால் இந்தக் கையுறைகளுக்கு மடக்குகிற பலம் கூட, விரிக்கிற பலம் குறைவு. பாரிசவாதக் கைக்குத் தேவை நேர்மாறாக இருக்கிறது. இறுகிய கை தானாகவே மடங்கித்தான் கிடக்கும், விரிக்கத்தான் உதவி வேண்டும். "கையுறை போட்டும் விரல் முழுதாக விரியுதில்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கையுறை பழுது என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். மடக்குவதுதான் இன்னும் முரடாகும்.

வேறு வகைகளும் உண்டு. மோட்டர் மெல்லிய நாண்களை இழுத்து, நம் தசைநாண்கள் செய்கிற மாதிரியே விரலை அசைப்பது ஒன்று. கைக்கு வெளியே எலும்புக்கூடு போலச் சட்டம் வைத்த, பெரிய வைத்தியசாலைகளில் மட்டும் காணக்கூடிய இயந்திரம் இன்னொன்று. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கொனர் வோல்ஷின் குழு 2015 அளவில் தண்ணீர் அழுத்தத்தில் வளைகிற மென்மையான கையுறை ஒன்றைச் செய்து காட்டியது. மோட்டரே இல்லாமல், ஸ்பிரிங் அல்லது இழுவை நாடா வைத்து விரலைத் திறந்து பிடிக்கிற கையுறையும் இருக்கிறது. கொஞ்சம் மடக்க முடிந்து, விரிக்கத்தான் முடியாத ஆட்களுக்கு அது நல்ல சாமான்.

எதை எதிர்பார்க்கலாம்

பாரிசவாதத்தில் கைக்கு வருத்தம் இல்லை. மூளையில் இரத்தம் போகாமலோ, இரத்தம் கசிந்தோ, கையை ஆட்டுகிற இடம் பழுதாகியிருக்கிறது. பக்கத்து இடங்கள் அந்த வேலையைப் பழக வேண்டும். அதற்கு ஒரே வழி, அவர் தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்வது. எத்தனை தரம்? மிருகங்களில் செய்த ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான அசைவுகள் வேண்டியிருந்தன. 2009இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு தடவைச் சிகிச்சையில் பலவீனமான கை உண்மையான வேலைகளில் அசைந்தது சராசரியாக 32 தரம்தான். அங்கேயே அப்படி என்றால், கிழமைக்கு ஒரு நாள் ஏ9இல் பஸ் ஏறிப்போய் பிசியோவிடம் காட்டிவிட்டு வருகிற நம் ஆட்களுக்கு எவ்வளவு வரும்? அந்த இடைவெளியை வீட்டில்தான் நிரப்ப வேண்டும். கையுறையின் பிரயோசனம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இயந்திரம் அசைப்பது மட்டும் போதாது. பிரித்தானியாவில் 770 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. மூன்று மாதம், கிழமைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 45 நிமிடம், வைத்தியசாலை ரொபோ இயந்திரத்தில் கையைப் பழக்கினார்கள். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட இவர்களுடைய கை அன்றாட வேலையில் முன்னுக்கு வரவில்லை. அது கையுறை இல்லை, தோளையும் முழங்கையையும் மணிக்கட்டையும் கையையும் பழக்குகிற பெரிய இயந்திரம். ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். இயந்திரத்தில் அசைந்த கை, கோப்பையைத் தூக்கத் தானாகப் பழகாது. கோப்பையைத் தூக்கித்தான் கோப்பை தூக்கப் பழகலாம்.

காலத்தையும் சொல்ல வேண்டும். மீட்சி வேகமாக நடப்பது முதல் மூன்று மாதத்தில். ஆறு மாதம் வரை நல்ல ஓட்டம் இருக்கும். அதற்குப் பிறகு மெதுவாகும், ஆனால் நிற்காது. "ஒரு வருசம் தாண்டிற்று, இனி ஏலாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

முதல் படி: கையுறை போடக்கூடிய கையா?

பெட்டியை உடைப்பதற்கு முன்னம் ஆளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே 2024இல் தனி நிலையம் திறந்தார்கள். வன்னியின் நடுவில் இருப்பதால் துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் ஆட்களுக்கு அது வசதி. கையுறையையும் கையோடு கொண்டுபோங்கள். "இதைப் போடலாமா" என்று மட்டும் கேட்டு வராமல், எவ்வளவு நேரம், எந்த வேகம், எந்த விரலுக்கு வேண்டாம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கை இறுக்கத்தை நீங்களே ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனால் கதைப்பது இலகு. விரல்களை மிக ஆறுதலாக விரித்துப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கெதியாக விரித்துப் பாருங்கள். ஆறுதலாகச் செய்யும்போது விரிந்து, கெதியாகச் செய்யும்போது இடையில் பிடித்துக்கொண்டால் அது நரம்பு இறுக்கம். பழக்கலாம், மருந்தும் இருக்கிறது. எவ்வளவு ஆறுதலாகச் செய்தாலும் ஒரு இடத்தில் மரம் போல நின்றுவிட்டால் தசையும் மூட்டும் கட்டையாகிவிட்டன. அந்தக் கைக்குப் பம்ப் போட்டு இழுத்தால் மூட்டுக்குத்தான் கேடு.

பின்வரும் ஆட்களுக்கு, வைத்தியர் சரி சொல்லும்வரை கையுறை வேண்டாம்: கையில் திடீர் வீக்கமும் சூடும் உள்ளவர்கள், ஆறாத புண் அல்லது தோல் தொற்று உள்ளவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள், விரல் மூட்டு வாதம் கிளம்பி நோகிறவர்கள், டயாலிசிஸ் செய்யக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு வைத்தவர்கள் அந்தக் கைக்கு, பிரஷர் மிகக் கூடியிருக்கிறவர்கள் அந்த நாளில். சலரோகத்தால் கை மரத்துப்போனவர்களும், பாரிசவாதத்தால் தொடுஉணர்வு போனவர்களும் போடலாம். ஆனால் அவர்களுக்கு நோவு தெரியாது. அவர்களுக்காக நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

காயப்பட்ட கை வேறு கணக்கு. சூடு மிதிக்கிற மெசினிலோ, கத்தியிலோ, மரம் அறுக்கிற வாளிலோ தசைநாண் அறுந்து தைத்திருந்தால், முதல் கிழமைகளில் தையல் மிகப் பலவீனமாக இருக்கும். சத்திரசிகிச்சை செய்த வைத்தியரும் தெரபிஸ்டும் ஸ்ப்ளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம்) போட்டு அளவாக அசைக்கச் சொல்வார்கள். முழுப் பாரம் கொடுக்க ஏறக்குறைய 12 கிழமை ஆகும். இடையில் பம்ப் கையுறை போட்டு முழுதாக மடக்கி விரித்தால் நாண் திரும்ப அறுந்துவிடும். நரம்பு அறுந்து தைத்திருந்தால், அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். மணிக்கட்டில் பட்ட காயத்துக்கு விரல் நுனியில் உணர்வு வர மாதக்கணக்கு ஆகும். அதுவரை மூட்டுக்கள் இறுகாமல் வைத்திருக்கக் கையுறை உதவலாம், கேட்டுச் செய்யுங்கள்.

2009 யுத்தத்தில் செல் துண்டு கையிலேயே தங்கிப்போனவர்கள் நம்மிடையே நிறைய. காற்றுக் கையுறை அதோடு மோதாது, ஆனால் துண்டு இருக்கும் இடத்தை அழுத்தினால் நோகும், சில வேளை புண்ணாகும். எங்கே இருக்கிறது என்று தெரபிஸ்டிடம் முதலே காட்டுங்கள். சில கருவிகள் கையுறையோடு மின் தூண்டலும் கொடுக்கும். உடம்பில் உலோகமோ, இதயத்தில் பேஸ்மேக்கரோ, வலிப்போ இருந்தால் அந்த வயரைக் கேட்காமல் ஒட்டாதீர்கள்.

இரண்டாம் படி: இன்னும் வாங்கவில்லை என்றால்

எங்களுக்கு முதலில் வந்தது இடது கைக் கையுறை. அம்மாவுக்கு விழுந்தது வலது. விற்றவர்கள் மாற்றித் தர ஒன்றரை மாதம் எடுத்தார்கள். முதல் ஆறு மாதத்தில் ஒன்றரை மாதம் என்றால் சின்ன விசயம் இல்லை. அதனால் அனுப்புகிறவருக்கு "வலது கை" என்று எழுத்திலும், கையைப் படம் எடுத்தும் அனுப்புங்கள்.

அளவு எடுக்க, மணிக்கட்டு ரேகையில் இருந்து நடுவிரல் நுனி வரை நூல் பிடித்து, நூலை அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். விழுந்த கை விரியாவிட்டால் நல்ல கையை அளக்கலாம். வீங்கிய கை என்றால் உள்ளங்கைச் சுற்றளவையும் எழுதுங்கள். பெரிதாகிப்போன கையுறையில் குழாயின் வளைவு விரல் மூட்டோடு பொருந்தாது. நகத்தையும் மூட்டையும் இடம்மாறி நெம்பும்.

மற்றபடி பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒவ்வொரு விரல் குழாயையும் தனித்தனியே கழற்ற முடிய வேண்டும். வேகமும் அழுத்தமும் படிப்படியாகக் குறைக்க முடிய வேண்டும். விரித்தபடி நிற்கும் நேரத்தைக் கூட்ட முடிந்தால் மிக நல்லது. உடனே நிறுத்துகிற பொத்தான் பெரிதாக, நோயாளியின் நல்ல கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். நல்ல கைக்கு இன்னொரு உணர்விக் கையுறை வருகிற வகை கொஞ்சம் விலை கூட, ஆனால் அதற்கான காசைக் கொடுக்கலாம். ஏன் என்று பின்னால் வருகிறது. விளையாட்டு, பாட்டு, கலர் திரைக்கெல்லாம் காசு கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: உட்காருவதும் கையைத் திறப்பதும்

ஆளைப் பாயில் படுக்க வைத்துச் செய்யாதீர்கள். கதிரையில், பாதம் இரண்டும் நிலத்தில் படும்படி, மேசைக்கு முன்னால் உட்கார்த்துங்கள். முழங்கைக்குக் கீழ் மடித்த துவாய் அல்லது தலகணி. தோள் கீழே தொங்கக் கூடாது. பாரிசவாதம் வந்த தோள் மூட்டு, தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்ததால் இறங்கியிருக்கும். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் அந்த மூட்டு விலகும். பாயில் இருந்து எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது எங்கள் வீடுகளில் வழக்கம். அதை இன்றோடு விட்டுவிடுங்கள், இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். தோள் நொந்தால் அவர் கையை அசைக்கவே பயப்படுவார், பிறகு எந்தக் கையுறையும் உதவாது.

இனி முஷ்டியாக மூடிய கையைத் திறப்பது. முதல் கிழமையில் நான் அம்மாவின் விரல் நுனிகளைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகியது. "விடு பிள்ளை, நோகுது" என்று அழுதுவிட்டார். கிளினிக்கில் பிசியோ ஒரு வார்த்தை சொல்லாமல் செய்து காட்டினார். அம்மாவின் மணிக்கட்டை மெல்லக் கீழ்நோக்கி வளைத்தார். வளைந்தவுடன் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. விரல் மடக்குகிற நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் போகின்றன, மணிக்கட்டு வளைந்தால் அவற்றுக்குத் தொய்வு கிடைக்கிறது. பிறகு பெருவிரலின் நுனியைத் தொடாமல், அதன் அடிச்சதையைப் பிடித்து வெளிப்பக்கம் மெல்ல எடுத்தார். மற்ற நாலு விரலும் விரிந்து வந்தன. அப்படியே விரித்துப் பிடித்தபடி மணிக்கட்டை ஆறுதலாக நேராக்கினார். எல்லாம் ஒரு நிமிடம். உள்ளங்கையில் நகம் பதிந்து நாலு பிறை வடிவத் தழும்பு இருந்தது. அன்றுதான் நான் அதை முதல்தரம் பார்த்தேன்.

அதையே செய்யுங்கள். முன்னதாக இளஞ்சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயால் கையை ஐந்து நிமிடம் சுற்றி வைத்தால் இன்னும் இலகு. சூட்டை உங்கள் கையிலும் அவருடைய நல்ல கையிலும் பார்த்த பிறகு சுற்றுங்கள். நகத்தை வெட்டி, மோதிரம், காப்பு, கோயில் நூல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வற்றாப்பளை அம்மன் நூல் என்றால் மற்றக் கையில் கட்டிவிடலாம், அம்மா அப்படித்தான் சம்மதித்தார். மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றை உள்ளே போட்டு, அதன் மேல் ரொபோ கையுறையைப் போடுங்கள். விரல் நுனி கையுறையின் நுனியைத் தொடுகிறதா, குழாயின் நெளிவு மூட்டுக்கு நேரே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பட்டியை இறுக்க வேண்டும். பட்டிக்குக் கீழே உங்கள் சுண்டுவிரல் போக வேண்டும்.

நான்காம் படி: சுவிட்சைப் போட்ட பிறகு

எல்லாவற்றையும் ஆகக் குறைந்த வேகத்திலும் அழுத்தத்திலும் தொடங்குங்கள். நரம்பு இறுக்கத்தின் குணமே வேகத்துக்கு ஏற்பக் கூடுவது. கையுறை கெதியாக விரித்தால் கை எதிர்த்து மூடும். மூடினால் பார்க்கிறவர் அழுத்தத்தைக் கூட்டுவார். கூட்டினால் இன்னும் மூடும். இந்தச் சுழலில் போன கைகளை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மணிக்கட்டை வளைத்துத் திறந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

முதல் கிழமை பத்து நிமிடம் போதும். அதன்பிறகு எங்கள் பிசியோ சொன்ன கணக்கில், காலையும் பின்னேரமும் இருபது இருபது நிமிடம் செய்தோம். அந்த இருபதையும் மூன்றாகப் பிரித்தோம்.

முதல் ஐந்து நிமிடம் கையுறை அசைக்கும், அவர் தளர்ந்திருப்பார். அடுத்த பத்து நிமிடம் அவரும் சேர வேண்டும். கையுறை விரிக்கப் போகிற கணத்துக்குச் சற்று முன்னம் "விரியுங்கோ அம்மா" என்று சொல்லுங்கள், அவர் விரிக்க முயல, கையுறை கூட வர வேண்டும். கையுறை விரித்து முடிந்த பிறகு சொல்வதில் பிரயோசனம் இல்லை. கண் கையிலேயே இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் நாடகம் ஓடுகிற நேரத்தில் கையுறையைப் போட்டுவிட்டு விடுவதை நான் பல வீடுகளில் கண்டேன், அதைச் செய்யாதீர்கள். இடது மூளை பாதித்து வலது பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் விளங்குதலும் சில வேளை குறையும். அவர்களுக்கு நீளமாகக் கதைக்காமல் "விரி", "பிடி" என்ற இரண்டு சொல்லும் உங்கள் கையைக் காட்டுவதும் போதும். இடது பக்கம் விழுந்தவர்களில் சிலர் அந்தப் பக்கத்தையே மறந்துவிடுவார்கள். அவர்களுடைய முகத்தை இடப்பக்கம் திருப்பி, கையைப் பார்க்க வைத்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

கடைசி ஐந்து நிமிடம், உணர்விக் கையுறை இருந்தால், நல்ல கையால் மூடித் திறக்க, விழுந்த கை அதைப் பார்த்து அதேபோலச் செய்யும். அம்மாவுக்கு மிகப் பிடித்தது இந்தப் பகுதிதான். எப்போது திறக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இயந்திரம் இல்லை, அவர். அதற்காகத்தான் காசு கொடுக்கலாம் என்று மேலே சொன்னேன்.

ஐந்தாம் படி: கழற்றிய பிறகு

இப்போது கை தளர்ந்து, சூடாகி, விரியத் தயாராக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரும்ப இறுகும். அதற்குள் உண்மையான சாமானை அந்தக் கைக்குக் கொடுங்கள். எந்தச் சாமான் என்பது கை இருக்கிற நிலையைப் பொறுத்தது.

ஒன்றுமே அசையாத கை என்றால், அதை மடித்த துவாயின் மேல் வைத்து, நல்ல கையை அதன் மேல் வைத்து, மேசையைத் துடைக்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது தட்டை அமத்திப் பிடிக்க அந்தக் கையை வையுங்கள். பாரமாகவாவது அது வேலையில் இருக்கட்டும்.

மடக்க முடிந்து விரிக்க முடியாத கைக்கு, பெரிய சாமானைப் பிடித்து விடுவிப்பதுதான் பாடம். பிடிப்பது இலகு, விடுவதுதான் கடினம். வெறும் பிளாஸ்ரிக் போத்தல், தோடம்பழம், சுருட்டிய துவாய். மேசையின் இந்தப் பக்கம் பிடித்து அந்தப் பக்கம் விட வேண்டும். விட முடியாதபோது மணிக்கட்டைக் கொஞ்சம் வளைக்கச் சொல்லுங்கள், விரல் தளரும். ரப்பர் பந்தை நாள் முழுக்க அமுக்கச் சொல்வது பலருடைய வழக்கம். இறுகிய கைக்கு அது இறுக்கத்தைத்தான் பழக்கும்.

விரல் கொஞ்சம் விரியத் தொடங்கிய பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது கச்சான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கி வாங்குகிற அதே வறுத்த கச்சான், கோதோடு. முதலில் ஒரு தட்டில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவது. அம்மா முதல் நாள் பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் அள்ளித்தான் எடுத்தார், அரை மணித்தியாலத்தில் ஒன்பது. இரண்டு மாதம் கழித்துப் பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சந்தித்தன. அதன்பிறகு கோதை உடைப்பது. கோது உடைகிற சத்தம் அவருக்குக் காதில் விழ வேண்டும், அது விழுந்த நாளில் தானே இன்னொன்றை எடுத்தார், நான் சொல்லவில்லை. கச்சான் கையைவிட்டு நழுவும், ஆனால் உருண்டு ஓடாது, விழுந்தால் உடையாது, உடைத்தால் சாப்பிடலாம். கடையில் விற்கிற பயிற்சி மணிகளை விட இது நல்லது என்பது என் எண்ணம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர் என்றால் மட்டும், உடைத்ததை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், புரைக்கேறினால் ஆபத்து.

ஒவ்வொருவருக்கும் அவர் கை முன்னம் செய்த வேலையைக் கொடுங்கள். கடல் தொழில் செய்த ஐயாவுக்கு வலைத் துண்டும் ஊசியும். வயல் ஆளுக்கு விதைநெல்லில் கல் பொறுக்குவது. பாடசாலையில் படிப்பித்தவருக்கு வெண்கட்டி. அம்மாவுக்கு இடியப்பத் தட்டுகளை அடுக்குவது, உடுப்புக் கொடியில் கிளிப் குத்துவது.

மணிக்கட்டை ஏறக்குறைய 20 பாகையும் விரல்களை 10 பாகையும் தானாக நிமிர்த்த முடிந்துவிட்டால், தெரபிஸ்டிடம் நல்ல கையைக் கட்டிவைத்துப் பழக்கும் முறையைப் பற்றிக் கேளுங்கள். நல்ல கைக்கு உறை போட்டு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி விழுந்த கையாலேயே வேலை செய்ய வைப்பார்கள். 2006இல் அமெரிக்காவில் 222 பேரில் செய்த ஆய்வில் அது பலன் தந்தது. விழும் ஆபத்து உள்ளவருக்கு வீட்டில் தனியாகத் தொடங்க வேண்டாம்.

கையுறை இல்லாத வீட்டுக்கு

ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி போதும். மேசையில் நெஞ்சுக்கு நேரே, அதன் முகம் நல்ல கைப் பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, விழுந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் வைத்து மூடித் திறக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் தெரிவது விழுந்த கை அசைகிற மாதிரி இருக்கும். இரண்டு கையையும் சேர்த்து அசைக்க முயல வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வருகிற நோவுக்காக 1990களில் கண்டுபிடித்த வழி இது. பிறகு பாரிசவாதத்துக்கும் பலன் தருவது தெரிந்தது. மிதிவெடியில் கை, கால் போனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

தோல், வியர்வை, எலி

ஒவ்வொரு தடவையும் கழற்றியவுடன் விரல் மூட்டு, நகக்கண், பெருவிரல் இடுக்கு மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு அரை மணித்தியாலத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடம் நெரிபடுகிறது. அடுத்த நாள் அந்த விரலின் குழாயைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே கை ஊறிப்போகும், பருத்திக் கையுறை இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றித் தோய்த்துப் போடுங்கள். ரொபோ கையுறையைத் தண்ணீரில் முக்காமல், குழாய்களைக் கழற்றி, ஈரத் துணியில் சவர்க்காரம் தொட்டுத் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் குழாய் வெடிக்கும்.

காற்று ஒழுகினால் சைக்கிள் ரியூப்பைப் பார்க்கிற மாதிரித்தான், சவர்க்கார நுரையைத் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். ஆனால் ரியூப் ஒட்டுகிற பசை சிலிக்கன் குழாயில் பிடிக்காது. எங்கள் குழாய் ஒன்றை எலி கடித்துவிட்டது, மேலதிகக் குழாய் வரும் வரை நாலு விரலோடு ஓட்டினோம். இப்போது மூடியுள்ள தகரப் பேணியில் வைக்கிறோம். பெரும்பாலான பம்புகள் தொலைபேசி சார்ஜரிலேயே ஏறும், மழைக்காலத்தில் கரண்ட் போனால் பவர் பேங்க் போதும்.

எழுதி வைப்பதும், நிறுத்த வேண்டிய நேரமும்

ஒரு கொப்பியில் நாளும், நிமிடமும், கழற்றிய பிறகு செய்த வேலையின் எண்ணிக்கையும் எழுதுங்கள். கச்சான் ஒன்பது, பன்னிரண்டு, எட்டு, பதினைந்து. கிழமைக்கு ஒரு தரம் பெருவிரல் நுனிக்கும் சுட்டுவிரல் நுனிக்கும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். நாளுக்கு நாள் பார்க்கும்போது ஒன்றும் மாறாத மாதிரித் தெரியும். "ஏலாது பிள்ளை, விடு" என்று அம்மா சொன்ன நாட்களில் நான் கொப்பியின் முதல் பக்கத்தைத்தான் காட்டினேன். கிளினிக்கிலும் வைத்தியர் அதைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார். நாள்முழுக்க அழுகையும் சாப்பாட்டில் வெறுப்புமாக இருந்தால் அதையும் எழுதிச் சொல்லுங்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு மிகச் சாதாரணம், அதற்கு மருந்து உண்டு.

செய்யும்போது நோவு வந்து, கழற்றி ஒரு மணித்தியாலம் ஆகியும் குறையாவிட்டால் அளவு கூடிவிட்டது. கை முழுக்க வீங்கி, பளபளத்து, தொடவே நோகிறது என்றால் கையுறையை நிறுத்தி, அந்தக் கிழமைக்குள் வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு கை மட்டும் வீங்கிச் சூடானால் அன்றைக்கே போக வேண்டும்.

ஒருமுறை வந்தவருக்குப் பாரிசவாதம் திரும்ப வரலாம். பிரஷர்க் குளிசையை ஒரு நாளும் விடாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை திடீரென்று இறங்குவது, பேச்சுக் குழறுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக 4.5 மணித்தியாலத்துக்குள்தான் போடலாம், அதற்கு முன்னம் தலையை ஸ்கேன் செய்ய வேண்டும். வன்னியின் ஒதுக்குப்புறங்களில் இருந்து அந்த நேரத்துக்குள் போய்ச்சேர்வதே பெரிய வேலை.

கையுறையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது

அம்மாவுக்கு இப்போது கையுறை தேவைப்படுவதில்லை. எழுத வராது, பொத்தான் பூட்ட நேரம் எடுக்கும், ஆனால் கோப்பை பிடிக்கிறார், சீப்பால் தலை இழுத்துக்கொள்கிறார். கையுறை போன மாதம் பரந்தனில் ஒரு ஐயாவிடம் போயிருக்கிறது. கொடுக்கும்போது பருத்திக் கையுறைகளைக் கொடுக்காதீர்கள், புதிது வாங்கச் சொல்லுங்கள். வெளிக் கையுறையை ஸ்பிரிட் தொட்ட துணியால் உள்ளும் புறமும் துடைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். எந்தக் கை, என்ன அளவு என்று பேணியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வேகத்தை ஆகக் குறைந்ததில் வைத்துவிட்டுக் கொடுங்கள். நான் பேணிக்குள் அரைக் கிலோ கச்சானும் வைத்து அனுப்பினேன்.